பரோல் மனு எந்த மேசைகளைத் தாண்டிப் போகிறது?

சினிமாவில் பார்க்கும் பரோல் வேறு, நம் ஊர்ச் சிறையில் கிடைக்கும் பரோல் வேறு. அமெரிக்காவில் பல மாநிலங்களில் ஒரு குழு உட்கார்ந்து கைதியைக் கேள்வி கேட்டு, தண்டனை முடியும் முன்பே அவரை மொத்தமாக வெளியே விடும். அங்கே அதற்குப் பெயர் பரோல். தமிழ்நாட்டில் பரோல் என்றால் விடுப்பு. சில நாள் வீட்டுக்குப் போகலாம். உத்தரவில் போட்ட தேதியில், போட்ட நேரத்துக்குள் சிறை வாசலில் வந்து நின்றாக வேண்டும். தண்டனை அப்படியே இருக்கும், ஒரு நாளும் குறையாது.

இது புரியாததால் பல குடும்பங்கள் பணத்தையும் காலத்தையும் தொலைக்கின்றன. கோவை மத்திய சிறைக்கோ சேலம் மத்திய சிறைக்கோ மனு பார்க்க வருகிறவர்கள் மூன்று வெவ்வேறு விஷயங்களை ஒரே பெயரில் கேட்கிறார்கள். வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தால் உள்ளே இருப்பவர் விசாரணைக் கைதி. அவருக்கு பரோல் கிடையாது. அவருக்கு உள்ள வழி ஜாமீன், அல்லது இழவு வீட்டுக்குப் போய்வர நீதிமன்றத்தில் வாங்கும் இடைக்கால ஜாமீன். தீர்ப்பு வந்து தண்டனை அனுபவிப்பவர் தண்டனைக் கைதி. பரோல் அவருக்குத்தான். மூன்றாவது முன்விடுதலை. ஆயுள் தண்டனைக் கைதியைத் திரும்பி வர வேண்டாம் என்று அரசே விடுவிப்பது அது. மனு, அதிகாரி, சட்டப்பிரிவு எல்லாமே மூன்றுக்கும் தனித்தனி. 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நாலில் மூன்று பங்குக்கு மேல் விசாரணைக் கைதிகள். ஆகவே 'பரோல் எடுத்துத் தருகிறேன்' என்று யாராவது சொன்னால், உள்ளே இருப்பவர் எந்த வகை என்பதை முதலில் பாருங்கள்.

சிறை மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம். அதனால் விடுப்பு விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் பரோல் தனி, ஃபர்லோ (குறிப்பிட்ட காரணம் கேட்காமல் நீண்ட தண்டனைக் கைதிக்கு அவ்வப்போது தரும் விடுப்பு) தனி. இங்கே இருப்பது 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகள். அவை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 432-ஆம் பிரிவின் கீழ் பிறந்தவை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அந்தப் பிரிவின் எண் 473. மனுவிலும் உத்தரவிலும் 'பரோல்' என்ற சொல்லைப் பெரும்பாலும் பார்க்க முடியாது. 'அவசர விடுப்பு', 'சாதாரண விடுப்பு' என்றுதான் இருக்கும். இந்த இரண்டில் எது என்று தெளிவாக எழுதாத மனு முதல் மேசையிலேயே சுற்ற ஆரம்பிக்கும்.

அவசர விடுப்பைத் தருகிறவர் சிறைக் கண்காணிப்பாளர். ஆண்டுக்கு மொத்தம் 15 நாள், அதை நான்கு தவணை வரை பிரித்து எடுக்கலாம். காரணங்கள் மிகக் குறைவு: சாவு, கடும் நோய், கல்யாணம். யாருக்கு என்பதையும் விதி எண்ணி வைத்திருக்கிறது. அப்பா, அம்மா, மனைவி அல்லது கணவர், மகன், மகள், உடன்பிறந்த அண்ணன் தம்பி, அக்கா தங்கை. கல்யாணத்தில் கைதியின் கல்யாணமும் சேரும். அவ்வளவுதான் பட்டியல்.

நம் கொங்குப் பக்கத்துக் குடும்பங்கள் அடிபடுவது இந்தப் பட்டியலில்தான். தூக்கி வளர்த்த அப்பாரு போய்விட்டார், அப்பத்தா போய்விட்டார் என்று ஓடி வருவார்கள். தாத்தா பாட்டி பட்டியலில் இல்லை. பெரியப்பா மகனை வீட்டில் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறோம், பங்காளி முறையில் அவரும் அண்ணன்தான். விதி கேட்பது உடன்பிறந்தவரை. பெரியப்பா மகன் கல்யாணத்துக்கு அவசர விடுப்பு வராது. அதுவே உடன்பிறந்த தம்பியின் கல்யாணத்தில் இணைச்சீர் சடங்கு செய்ய வேண்டிய அக்கா கோவை பெண்கள் தனிச்சிறையில் இருக்கிறார் என்றால், அவர் கேட்பதற்கு விதியிலேயே இடம் உண்டு. பத்திரிகையோடு, இருவரும் ஒரே பெற்றோரின் பிள்ளைகள் என்று காட்டும் ஆவணம் ஒன்றையும் சேர்க்க வேண்டும். குடும்ப அட்டையோ பள்ளிச் சான்றோ எதுவானாலும் சரி, அதில் அப்பா பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றுபோல் இருக்க வேண்டும்.

பட்டியலில் இல்லாத உறவுக்கோ, விதி தடுக்கும் வேறு நிலைக்கோ ஒரே வழி 40-ஆம் விதி. எந்தக் கைதிக்கும் எந்த விதியிலிருந்தும் விலக்கு தர அரசுக்கு அது அதிகாரம் கொடுக்கிறது. அந்த மனு உள்துறைக்குப் போக வேண்டும். சாவு வீட்டுக்கு அது நேரத்துக்கு வந்து சேருவது அரிது. பாட்டி தாத்தா வளர்த்த பிள்ளைகள் இத்தனை பேர் இருக்கும் நாட்டில் 1982-இல் போட்ட பட்டியல் இன்னும் அப்படியே நிற்பது சரியல்ல என்பதே எங்கள் கருத்து. இதைத் திருத்தப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. ஒரு அரசாணை போதும்.

சாதாரண விடுப்பு பெரியது. இதைத் தருகிறவர் சரகச் சிறைத்துறை டி.ஐ.ஜி. கோவைச் சரகத்துக்குத் தனி டி.ஐ.ஜி. உண்டு. விடுப்புக் காலம் 21 நாளிலிருந்து ஒரு மாதம் வரை. அதற்கு மேல் வேண்டுமென்றால் அரசுதான் நீட்டிக்க முடியும். முதல் விடுப்புக்கு மூன்று ஆண்டுச் சிறைவாசம் முடிந்திருக்க வேண்டும். அடுத்த விடுப்புக்கு, கடைசியாகத் திரும்பி வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு ஆக வேண்டும். விடுதலைக்கு இன்னும் மூன்று ஆண்டுக்குள்தான் பாக்கி என்றால் அந்த இரண்டு ஆண்டு ஓர் ஆண்டாகக் குறையும்.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் ஆயுள் தண்டனையில் இருந்த நளினி, மகளின் கல்யாண ஏற்பாட்டுக்கு ஆறு மாத விடுப்பு கேட்டு 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தானே வாதாடினார். நீதிமன்றம் கொடுத்தது ஒரு மாதம். விதி வகுத்த உச்சம் அதுதான். எத்தனை நாள் கேட்பது என்று யோசிக்கிறவர்களுக்கு இது உதவும். விதியில் இல்லாத நாளைக் கேட்டால் பலன் இல்லை.

காரணங்களை 20-ஆம் விதி வரிசையாகச் சொல்கிறது. குடும்பப் பிழைப்புக்கும் விடுதலைக்குப் பிந்தைய வாழ்க்கைக்கும் ஏற்பாடு செய்வது, பிள்ளைகளைப் பள்ளி கல்லூரியில் சேர்ப்பது, வீடு கட்டுவது அல்லது பழுது பார்ப்பது, தன் கல்யாணம் அல்லது மகன், மகள், உடன்பிறந்தோர் கல்யாணம், பாகப்பிரிவினை போன்ற குடும்பத் தகராறைத் தீர்ப்பது, விதைப்பு அறுவடை போன்ற விவசாய வேலை. கடைசியில் 'வேறு அசாதாரண காரணங்கள்' என்று ஒரு திறந்த வரி. நீதிமன்றங்கள் அதிகம் பயன்படுத்தியது அந்தத் திறந்த வரியைத்தான். 2018 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பாளையங்கோட்டைச் சிறையிலிருந்த ஆயுள் கைதி ஒருவருக்குக் குழந்தைப்பேறு கருதி இரண்டு வாரம் விடுப்பு கொடுத்தது.

விவசாயக் காரணம் நம் பகுதிக்கு மிகவும் பொருந்தும். ஆனால் மனுவில் வீணாக எழுதப்படுவதும் அதுவேதான். இரண்டு மனுக்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இரண்டும் இந்த விளக்கத்துக்காக எழுதியவை. முதலாவது இப்படி:

'என் குடும்பச் சூழ்நிலை காரணமாகவும், விவசாய வேலை இருப்பதாலும், மன உளைச்சலில் இருப்பதாலும் 30 நாள் விடுப்பு தந்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

இதைப் படிக்கிற அதிகாரி எதைச் சரிபார்ப்பார்? சரிபார்க்க எதுவும் இல்லை. இரண்டாவது:

'பெருந்துறை வட்டத்தில் எனக்கும் என் அம்மாவுக்கும் கூட்டுப் பட்டாவில் 2 ஏக்கர் 40 சென்ட் நிலம் உள்ளது. மஞ்சள் வெட்டும் பருவம். வெட்டி, வேகவைத்து, காயவைத்து, ஈரோட்டு மார்க்கெட்டுக்குக் கொண்டு போக 25 நாளாவது ஆகும். வீட்டில் 68 வயது அம்மா மட்டும் இருக்கிறார். விடுப்பில் அம்மா வீட்டிலேயே தங்குவேன். சிட்டா, அடங்கல், அம்மாவின் மருத்துவச் சீட்டு நகல்கள் இணைத்துள்ளேன்.'

இதில் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு காகிதம் இருக்கிறது. நிலம் எங்கே, என்ன பயிர், எத்தனை நாள், ஏன் இவரே வர வேண்டும், எங்கே தங்குவார் என்பதற்கெல்லாம் பதில் இருக்கிறது. அடங்கலில் மஞ்சள் என்று ஏறியிருக்கிறதா என்பதை வி.ஏ.ஓ.விடம் பார்த்துக்கொள்ளுங்கள். அடங்கல் சோளம் என்று சொல்லி மனு மஞ்சள் என்று சொன்னால், உண்மை பேசியவரும் பொய்யர் ஆவார். பருவத்தையும் பின்னோக்கி எண்ண வேண்டும். கீழ்பவானி வாய்க்காலில் ஆகஸ்ட் 15-இல் தண்ணீர் திறப்பது வழக்கம். அந்த நடவுக்கு வர வேண்டியவர் ஆடி பிறந்த பிறகு மனு எழுதினால் தாமதம். இரண்டு மூன்று மாதம் முன்பே கொடுத்துவிடுவது நல்லது.

மனு கொடுத்த பிறகு நடப்பதுதான் இந்தக் கட்டுரையின் மையம். சிறையில் நன்றாக நடந்துகொண்டாரா என்பதைக் கண்காணிப்பாளர் தன் பதிவேட்டிலிருந்தே எழுதிவிடுவார். முடிவைத் தீர்மானிப்பது வெளியிலிருந்து வரும் இரண்டு அறிக்கைகள். ஒன்று நன்னடத்தை அலுவலருடையது, மற்றது போலீசுடையது. டி.ஐ.ஜி. உங்கள் ஊருக்கு வரப்போவதில்லை. அவர் மேசையில் உங்கள் ஊரும் உங்கள் வீடும் அந்த இரண்டு தாளாகத்தான் போய்ச் சேரும்.

நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வருவார், அல்லது வீட்டாரை வரச் சொல்வார். அக்கம் பக்கத்திலும் விசாரிப்பார். கேள்விகள் எளியவை.

"வந்தாருன்னா எங்கீங்க தங்குவாரு?"

"எங்கூட்டுலதானுங்க."

"செலவுக்கு என்ன பண்ணுவீங்க?"

"நாலு தறி ஓடுதுங்க, அத வெச்சுப் பாத்துக்கறோம்."

"அந்தக் கேஸ்காரங்க இதே ஊருதானா?"

இந்த மூன்றாவது கேள்விக்குத் தயாராக இருங்கள். எதிர்த்தரப்பு அடுத்த தெருவில் இருந்தால் மறைக்காதீர்கள். போலீஸ் அறிக்கையில் அது எப்படியும் வரும். அதற்குப் பதில், விடுப்பு நாள்களை வேறு ஊரில் கழிக்க ஏற்பாடு சொல்லுங்கள். சம்பவம் பல்லடம் பக்கம் என்றால் கோபியில் இருக்கும் அக்கா வீட்டு முகவரி கொடுக்கலாம். ஆனால் அந்த அக்காவும் மாமாவும் சம்மதிக்க வேண்டும், அலுவலர் கேட்கும்போது 'ஆமாங்க, இங்கதான் இருப்பார்' என்று சொல்ல வேண்டும். கேட்காமலே முகவரி கொடுத்துவிட்டு, அலுவலர் போய் நிற்கும்போது 'எங்களுக்குத் தெரியாதுங்களே' என்று பதில் வந்தால் அந்த மனு அத்தோடு முடிந்தது.

போலீஸ் அறிக்கை, தங்கப்போகும் இடத்தின் ஸ்டேஷனிலிருந்து மேலே போகும். கோவை, திருப்பூர், சேலம் மாநகருக்குள் என்றால் கமிஷனர் வழியாக. காங்கேயம், தாராபுரம், பவானி, ராசிபுரம் போன்ற இடங்கள் என்றால் மாவட்ட எஸ்.பி. வழியாக. முகவரியில் ஸ்டேஷன் எல்லை தவறாக இருந்தால், 'இது எங்கள் எல்லை இல்லை' என்று தாள் திரும்பி வரும். அதிலேயே பல வாரம் போய்விடும். அவிநாசி சாலை ஓரத்து ஊர்களில் ஒரே தெருவின் இரு பக்கமும் வேறு வேறு ஸ்டேஷனாக இருக்கலாம். நேரில் போய்க் கேட்டு எழுதுங்கள்.

போலீஸ் அறிக்கையில் அடிக்கடி வரும் ஒரு வரி உண்டு: 'விடுப்பு வழங்கினால் சட்டம் ஒழுங்கு பாதிக்கப்பட வாய்ப்புள்ளது.' என்ன தகவலை வைத்து, யாருக்கு யாரால் ஆபத்து என்பது அந்த வரிக்கு அடுத்து இருக்க வேண்டும். பல நேரம் இருப்பதில்லை. உண்மையான ஆபத்து இருக்கும் வழக்கும், பத்தாண்டாக ஊரே மறந்துவிட்ட வழக்கும் ஒரே வரியில் மறுக்கப்படுகின்றன. இதனால் இரண்டு தரப்புக்கும் கேடு. தகுதியுள்ள கைதி வெளியே வர முடியாது. நிஜமாகவே பயப்பட வேண்டிய பாதிக்கப்பட்ட குடும்பத்தின் பயமும் அந்தப் பொது வரிக்குள் கரைந்துபோகும்.

பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிச் சொல்லாமல் பரோலைப் பேசுவது நியாயமில்லை. கொங்கு ஊர்களில் கொன்றவர் வீடும் கொல்லப்பட்டவர் வீடும் ஒரே பஸ் ஸ்டாப்பில் நிற்கின்றன. சாதி வன்கொடுமை வழக்குகளில் இது இன்னும் கடுமை. நிலமும் வேலையும் ஒரு தரப்பின் கையில் இருக்கும், சாட்சி சொன்னவர் அதே தோட்டத்துக்குக் கூலிக்குப் போக வேண்டியிருக்கும். இதற்காகவே எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 15ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு 2016 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. ஜாமீன், விடுதலை, பரோல், தண்டனை தொடர்பான நடவடிக்கைகளில் பாதிக்கப்பட்டவரும் அவரைச் சார்ந்தவரும் தங்கள் தரப்பைச் சொல்ல அது உரிமை தருகிறது. பாதிக்கப்பட்ட குடும்பம் எழுத்து மூலம் சிறைக் கண்காணிப்பாளருக்கும் எஸ்.பி.க்கும் முன்கூட்டியே கடிதம் கொடுத்து வைக்கலாம். 'இவருக்கு விடுப்பு தரும் பேச்சு வந்தால் எங்களைக் கேளுங்கள், இன்ன ஊருக்குள் வரக்கூடாது என்று நிபந்தனை போடுங்கள்' என்று குறிப்பாக எழுதினால் அது கோப்பில் நிற்கும்.

எந்தக் காரணம் சொன்னாலும் சிலருக்கு சாதாரண விடுப்பு விதியிலேயே இல்லை. வன்புணர்வு, கொள்ளைக் கூட்டம், கள்ளநோட்டு, காவலிலிருந்து தப்பியது போன்ற குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவர்களை விதி விலக்குகிறது. இன்னொரு வழக்கு விசாரணையில் இருந்தாலும் 35-ஆம் விதி தடுக்கும். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். சிறைக்குள் செல்போன் வைத்திருந்து பிடிபட்டால், சிறை ஒழுங்கு நடவடிக்கையோடு வெளியே ஸ்டேஷனில் புது வழக்கும் பதிவாகும். அந்த வழக்கு முடியும் வரை விடுப்பு அடைபடும். ஐந்து நிமிடம் வீட்டுக்குப் பேசியதற்கு ஒரு மாதம் வீட்டில் இருக்கும் வாய்ப்பு போய்விடும். பார்க்கப் போகும்போதே இதைச் சொல்லி வையுங்கள். பழைய சில்லறை வழக்கு எங்காவது தூங்கிக்கொண்டிருந்தால் வக்கீலை வைத்து அதை முதலில் முடியுங்கள். போதைப்பொருள் வழக்கு என்பதாலேயே பரோல் கிடையாது என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சட்டத்தின் 32ஏ பிரிவு பரோலைத் தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே சொல்லியிருக்கிறது.

மேல்முறையீடு நிலுவையில் இருப்பவர் நிலை கொஞ்சம் சிக்கல். வழக்கு நீதிமன்றத்தின் கையில் இருக்கும்போது அரசு விடுப்பு தரலாமா என்று உயர் நீதிமன்றத்தில் பலமுறை வாதம் நடந்திருக்கிறது. பாதுகாப்பான வழி, மேல்முறையீட்டு நீதிமன்றத்திலேயே தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்பது. பழைய சட்டத்தில் 389-ஆம் பிரிவு, புதியதில் 430.

மனு மறுக்கப்பட்டால் உத்தரவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னதை வைத்து எதையும் நகர்த்த முடியாது. நகல் கையில் வந்ததும் மறுப்புக்கு எந்த விதி சொல்லப்பட்டிருக்கிறது, எந்த அறிக்கை காட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பதில் சொல்லக்கூடிய குறை என்றால், அதைச் சரிசெய்து புதிதாக மனு கொடுப்பது வேகமான வழி. காரணமே இல்லாத மறுப்பு என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், நீலகிரி மாவட்டத்துக்காரர்கள் போக வேண்டியது சென்னைக்கு. கரூர் மட்டும் மதுரைக் கிளையின் எல்லையில் வரும். வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். காவலில் உள்ள எவருக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் தர 1987-ஆம் ஆண்டின் சட்டம் வழி செய்கிறது. தொலைபேசி எண் 15100.

நீதிமன்றத்தில் என்ன எதிர்பார்க்கலாம்? பரோல் உரிமையா சலுகையா என்பது பழைய வாதம். 2017-இல் அஸ்ஃபக் வழக்கில் உச்ச நீதிமன்றம், நீண்ட காலம் உள்ளே இருப்பவருக்குக் குடும்பத்தோடும் ஊரோடும் தொடர்பு அறுந்து போகாமல் இருப்பது திருந்துவதற்கே தேவை என்று விரிவாகச் சொன்னது. 2021-இல் நாராயண் சாய் வழக்கில் அதே நீதிமன்றம், ஃபர்லோவை முழுமையான உரிமையாகக் கேட்க முடியாது, பொது அமைதி கருதி மறுக்கலாம் என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது இது: விடுப்பு கட்டாயம் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் மனுவை விதிப்படி பரிசீலித்து, காரணத்தோடு முடிவு சொல்லக் கேட்க ஒவ்வொரு கைதிக்கும் இடம் உண்டு. நடைமுறையில் நீதிமன்றம் அடிக்கடி போடும் உத்தரவும் 'இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடு' என்பதுதான்.

விடுப்பு கிடைத்துவிட்டால் உத்தரவை வரி விடாமல் படியுங்கள். உறுதிப் பத்திரமும் ஜாமீன்தாரரும் கேட்பார்கள். சொந்த ஊரில் சொத்துவரி ரசீதோ பட்டாவோ உள்ளவரை முன்பே பேசி வைத்தால் கடைசி நாளில் அலைய வேண்டாம். சிலருக்கு போலீஸ் வழிக்காவலோடு விடுப்பு, சிலருக்கு வழிக்காவல் இல்லாமல், ஆனால் ஸ்டேஷனில் போய்க் கையெழுத்து. குறித்த இடத்தை விட்டு வேறு ஊருக்குப் போகக் கூடாது. திருப்பூரில் தங்குவதாகச் சொன்னவர் பழனிக்கு முடி இறக்கப் போனாலும் அது மீறல்தான். போக வேண்டும் என்றால் மனுவிலேயே அந்த ஊரையும் தேதியையும் சேர்த்திருக்க வேண்டும்.

திரும்பும் நாளில் நேரத்தை நெருக்கிப் பிடிக்காதீர்கள். கோவைச் சிறையில் மாலை 5 மணி என்றால் மதியமே காந்திபுரம் பஸ் நிலையம் வந்துவிடுங்கள். மருத்துவமனையில் சேரும் நிலை வந்தால் அன்றே சிறைக் கண்காணிப்பாளருக்கும் ஸ்டேஷனுக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, நீட்டிப்புக்குத் தனி மனு கொடுக்க வேண்டும். பேரறிவாளனுக்கு 2017 ஆகஸ்டில் தந்தையின் உடல்நிலைக்காகக் கிடைத்த ஒரு மாதம் இன்னொரு மாதம் நீண்டதும் அரசின் உத்தரவால்தான். உத்தரவு இல்லாத நீட்டிப்பு தலைமறைவு. வழக்கு வரும், சேர்த்து வைத்த தண்டனைக் குறைப்பு நாள் போகும், அடுத்த விடுப்பு கேட்கும் வாய் அடைபடும். ஜாமீன் போட்ட மாமனுக்கும் தொல்லை.

வெளியே இருந்த நாள்கள் தண்டனைக் கணக்கில் சேருமா என்று எல்லோரும் கேட்பார்கள். கோவா விதிகளின் கீழ் வந்த ஒரு வழக்கில், 14 ஆண்டு உண்மைச் சிறைவாசத்தைக் கணக்கிடும்போது பரோல் நாள்களைக் கழிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொன்னது. அந்த 14 ஆண்டு, முன்விடுதலையின் வாசல். மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் பெற்றவரை அதற்கு முன் சட்டப்படி விட முடியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433ஏ பிரிவு, புதியதில் 475. ஆளுநர் வழியாக அரசியல் சாசனத்தின் 161-ஆம் பிரிவில் விடுவிப்பதற்கு மட்டும் அந்தக் கட்டு இல்லை. அண்ணா பிறந்தநாள் போன்ற சமயங்களில் தமிழ்நாடு அரசு 10 ஆண்டு முடித்தவர்களை விடுவித்ததற்கு வழி அதுவே. முன்விடுதலையில் பார்க்க வேண்டியவற்றை 2000-இல் லட்சுமண் நஸ்கர் வழக்கு சொன்னது. குற்றம் சமூகத்தைப் பெரிதாகப் பாதித்ததா, மறுபடி செய்ய வாய்ப்புண்டா, குற்றம் செய்யும் திறன் போய்விட்டதா, இன்னும் உள்ளே வைப்பதில் பயன் உண்டா, குடும்பத்தின் பொருளாதார நிலை என்ன. இங்கேதான் பழைய பரோல்கள் கைகொடுக்கின்றன. நான்கு முறை வெளியே போய் நான்கு முறையும் சொன்ன நேரத்துக்குத் திரும்பிய பதிவைவிட நல்ல சாட்சி ஒரு கைதிக்குக் கிடைக்காது.

2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான உத்தரவு போட்டது. முன்விடுதலைக் கொள்கை வைத்திருக்கும் மாநிலங்கள், தகுதி வந்த கைதிகளை அவர்கள் மனு போடாமலே பரிசீலிக்க வேண்டும் என்றது. எழுதத் தெரியாதவர், பார்க்க வர ஆளில்லாதவர் ஆகியோருக்கு இது பெரிய விஷயம். பரோலுக்கு இப்படி ஒரு ஏற்பாடு இல்லை. மூன்று ஆண்டு முடிந்ததும் 'உங்களுக்கு விடுப்புத் தகுதி வந்திருக்கிறது, இன்ன காரணங்களுக்குக் கேட்கலாம்' என்று சிறை அலுவலகமே ஒரு தாள் கொடுக்கலாம். பதிவேட்டில் தேதி இருக்கிறது, செலவு ஒன்றும் இல்லை.

வ.உ.சி. செக்கிழுத்த அதே கோவைச் சிறையை 1908-இல் ஆண்ட சட்டம் 1894-ஆம் ஆண்டின் சிறைச் சட்டம். அடிப்படைச் சட்டமாக இன்றும் நிற்பது அதுதான். மத்திய அரசு 2023-இல் மாதிரிச் சட்டம் ஒன்றை வகுத்து மாநிலங்களுக்கு அனுப்பியது. அதில் பரோலுக்கும் ஃபர்லோவுக்கும் இடம் உண்டு, விடுப்பில் போகிறவருக்கு மின்னணுக் கண்காணிப்புக் கருவி மாட்டும் யோசனையும் உண்டு. கருவியால் தப்பி ஓடுவது குறையலாம். ஆனால் ஜாமீனில் இருப்பவரின் ஒவ்வொரு அசைவையும் போலீஸ் பார்த்துக்கொண்டிருக்கும்படி நிபந்தனை போடுவது தனியுரிமைக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லியிருப்பதையும் வைத்துத்தான் இதை யோசிக்க வேண்டும்.

நம்மைக் கேட்டால் கருவிக்கு முன்னால் திருத்த வேண்டியது அறிக்கையை. போலீஸ் அறிக்கையும் நன்னடத்தை அலுவலர் அறிக்கையும் ஒரே படிவத்தில், யாரை எந்தத் தேதியில் நேரில் பார்த்து விசாரித்தார்கள் என்ற விவரத்தோடு வர வேண்டும். ஆபத்து உண்டு என்றால் என்ன தகவல் என்று ஒரு பத்தியாவது வேண்டும். வேறு ஊரில் தங்க வைத்தாலோ வழிக்காவல் போட்டாலோ அந்த ஆபத்து தீருமா என்பதற்கும் பதில் வேண்டும். பாதிக்கப்பட்ட குடும்பத்தைக் கேட்டார்களா என்பதற்குத் தனிக் கட்டம் வேண்டும். அறிக்கை வந்து சேர நாள் கெடு வேண்டும். கெடு தாண்டினால் இருப்பதை வைத்து முடிவெடுக்கும் கடமை டி.ஐ.ஜி.க்கு வேண்டும். மறுப்பு உத்தரவு கைதிக்குத் தமிழில், கையெழுத்து வாங்கிக்கொண்டு தரப்பட வேண்டும், மறுபடி எப்போது மனு போடலாம் என்ற தேதியோடு. இதையெல்லாம் செய்ய மாவட்டங்களில் நன்னடத்தை அலுவலர் எண்ணிக்கையும் வண்டி வசதியும் கூட வேண்டும். அந்தியூர் மலைக்கிராமத்துக்கும் வால்பாறை எஸ்டேட் லைனுக்கும் ஒருவர் நேரில் போய்வர ஒரு முழு நாள் ஆகும். அந்த நாளைத் துறை அவருக்குத் தராவிட்டால், அவர் மேசையில் உட்கார்ந்தே அறிக்கை எழுத வேண்டியதாகிவிடும்.